வால்வு பாடி வரும் வரை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ரிவர்ஸ் விழவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வண்டியை எடுக்கப் போனால் எத்தனை தடவை ரிவர்ஸுக்குத் தள்ளினாலும் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் ஆறேழு பேர் சேர்ந்து பின்னால் தள்ளிவிட்டார்கள். முன்னால் போக மட்டும் சம்மதித்தது. அதுவும் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது யாரோ பின்னால் வந்து இடித்த மாதிரி ஓர் உதை. எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி வரை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, காலில் மாட்டும் இரும்புக் காலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று வயதில் போலியோ வந்த இடது கால், கிளட்ச் மிதிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கிளட்ச் கிடையாது, வலது கால் மட்டும் போதும். பழைய வண்டியாக இருந்தாலும் அதற்காகத்தான் தேடிப் பிடித்து வாங்கினேன். வாங்கிய அன்று தனியாகத் திருச்செந்தூர் ரோட்டில் போய்விட்டு வந்தேன். கோயிலுக்கெல்லாம் போகவில்லை. போய்விட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்து ஆள் வந்து பார்த்தார். கியர்பாக்ஸ் மொத்தமும் மாற்ற வேண்டுமாம். அதற்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

மதுரையிலிருந்து அண்ணன் போன். எப்படித்தான் தெரிந்ததோ.

"வல்லி, அது பழைய இரும்புக்குக்கூடப் போகாது. வித்துட்டு இங்க வந்துரு. மே மாசம் டிரான்ஸ்ஃபர் கலந்தாய்வுல மதுரைப் பக்கம் ஒரு ஸ்கூல் கேட்டு வாங்கிருவோம். அம்மாவும் போனதுக்கப்புறம் தனியாக் கெடந்து என்ன செய்யப் போற? மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு."

அந்த ரூமுக்கு ஏறப் படிக்கட்டு உண்டு. அண்ணன் அதை நினைத்துப் பார்த்திருக்கமாட்டான். நல்லவன்தான்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் பள்ளி இயற்பியல் டீச்சர் சொல்லி தூத்துக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பெயர் பெர்க்மான்ஸ். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் பார்ப்பாராம். கடை ஞாயிற்றுக்கிழமை லீவு, அதனால் சர்ச்சில் முதல் பூசை முடிந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். காதோரம் நரை.

இந்த வீட்டை முன்னால் வைத்திருந்தவர் லாரி ஓட்டியவர். ஷெட்டில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி வெட்டி வைத்திருந்தார். நான் பலகை போட்டு மூடி வைத்திருந்தேன். பலகையைத் தூக்கிப் பார்த்ததும் பெர்க்மான்ஸுக்குக் கோயில் கதவு திறந்த மாதிரி சந்தோஷம்.

"டீச்சர், இது போதும். வண்டிய எங்கயும் இழுத்துட்டுப் போக வேண்டாம். இங்கயே பார்த்துருவோம்."

அடியில் இருந்த ஆயில் தட்டைக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிக்காஷன் மாதிரி ஒழுகியது. தட்டில் ஒரு காந்தம், அதன்மேல் சாம்பல் நிறத்தில் இரும்புப் பொடி. விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"பொடிதான், துண்டு இல்ல. கியர்பாக்ஸ் நல்லாருக்கு. வால்வு பாடிதான் தேஞ்சு போச்சு."

வால்வு பாடி என்றால் என்ன என்று கேட்டேன். ஓர் அலுமினியப் பலகை, உள்ளே வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கும், ஆயில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதுதான் மடை திறந்துவிடும், ஆயில் தள்ளும் அழுத்தத்தில்தான் கியர் மாறும் என்று சொன்னார். மடை தேய்ந்துபோனால் தண்ணீர் கசியும், வயலுக்குப் போய்ச் சேராது. வேறு வண்டியில் கழற்றியது ஒன்று கோயம்புத்தூரில் சொல்லி வைக்க வேண்டும். வரக் கொஞ்ச நாள் ஆகும்.

டீ கொடுத்தேன். பரீட்சை சூப்பர்விஷனுக்கு ஆட்டோ சொல்ல வேண்டும்.

மார்ச் 12, புதன்

ஆட்டோ வரவில்லை. பஸ்ஸில் ஏறினேன். இறங்கும்போது படியில் விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. அண்ணனிடம் சொல்லக் கூடாது.

மார்ச் 16, ஞாயிறு

பழைய வால்வு பாடியை இறக்கினோம். இறக்கினோம் என்று ஏன் எழுதுகிறேன், அவர்தான் இறக்கினார். நான் குழி ஓரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து லைட் பிடித்தேன். போல்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், இடம் மாறினால் ஆபத்து என்றார். அட்டையில் அந்தப் பலகையின் படத்தை வரைந்து, ஓட்டை போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன். குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா. என் கடையிலகூட இப்படி இருக்காது டீச்சர்."

வேலை செய்துகொண்டே பேசுகிற ஆள். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வீட்டில் அம்மா. தவக்காலம் என்பதால் கறி மீன் எதுவும் தொடுவதில்லை. நல்லவேளை, நான் கத்திரிக்காய்தான் வைத்திருந்தேன்.

நான் எழுந்து உள்ளே போகும்போது காலிப்பரின் முட்டிப் பூட்டு கிரீச்சென்றது. அது ஒரு வருடமாகவே அப்படித்தான்.

"டீச்சர், அந்தக் கீல் காஞ்சு போயிருக்கு. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணித் தாரேன்."

சுருக்கென்றது. "நீங்க வந்த வேலைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் குழிக்குள் குனிந்துகொண்டார். வேலையை முடித்து, கழற்றிய இடத்தைப் பாலித்தீன் பேப்பரால் மூடிக் கட்டிவிட்டுப் போனார். சாப்பிடாமலே.

மார்ச் 17, திங்கள்

யாரும் என் காலைப் பற்றி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. பரிதாபமாகப் பார்ப்பார்கள், அல்லது பார்க்காத மாதிரி இருப்பார்கள். அந்த மனுஷன் ஒரு கீலைப் பார்த்தார், எண்ணெய் இல்லை என்று சொன்னார். அதில் கோபப்பட என்ன இருந்தது?

கத்திரிக்காய்க் குழம்பை இன்றும் சாப்பிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து சாமான் வரவில்லையாம், போனில் சொன்னார். "சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? சாமான் வந்தால்தானே வர முடியும்.

ஷெட்டில் வண்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்தேன். அலமாரி அடுக்கினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 29, சனி

ரோடு கனவில் வருகிறது. விளாத்திகுளம் ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல் காடு, பருத்தி வெடித்துக் கிடக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. எழுந்ததும் வலது கால் பாதம் கட்டில் சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டர்!

ஓட்டும்போது மட்டும்தான் நான் எல்லோரும் போகிற வேகத்தில் போகிறேன். கார் இல்லாதவர்களுக்கு இதை விளங்க வைப்பது கஷ்டம். கார் இருப்பவர்களுக்கு அதைவிடக் கஷ்டம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லாமல் வந்து நின்றார். கையில் சாமான் இல்லை.

"கோயம்புத்தூர்ல இருந்து வந்தது சரியில்ல டீச்சர். அதுவும் தேஞ்சது. திருப்பி அனுப்பிட்டேன். இப்ப சென்னையில சொல்லிருக்கு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வெயிலில் பஸ் ஏறி வந்தவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

மோர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிக்கோங்க. எனக்குச் சத்தம் கேட்டா கை சும்மா இருக்காது" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். சேலையை ஒதுக்கி, பெல்ட்டை அவிழ்த்து, காலிப்பரைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது எழுதும்போதும் தெரியவில்லை. அம்மாவுக்குப் பிறகு யார் முன்னாலும் அதைக் கழற்றியதில்லை.

இரண்டு கையாலும் வாங்கினார். "எங்க தொழில்லயும் காலிப்பர்னு ஒண்ணு இருக்கு. பிரேக் பிடிக்கிறது" என்றார். "இது பிடிக்காது, நடக்க வைக்கும்" என்றேன். சிரித்தார். கீலைப் பிரித்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, பூட்டைப் போட்டுத் திறந்து பார்த்தார். வேலை முடியும் வரை என் கால் இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

இப்போது நடந்தால் சத்தமே இல்லை. வீட்டுக்குள் இரண்டு மூன்று தடவை சும்மா நடந்து பார்த்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலைத் திருநாள். அவர்களுக்குக் கோயிலில் வேலை இருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வாழ்த்து அனுப்பலாமா என்று யோசித்து, அனுப்பாமல் விட்டு, பிறகு அனுப்பினேன். "நன்றி டீச்சர். சாமான் வந்துட்டு" என்று பதில். பத்து தடவையாவது படித்திருப்பேன். சாமான் வந்த சந்தோஷம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் வந்துவிட்டார். வால்வு பாடியைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். பிரித்துக் காட்டினார். வெள்ளி மாதிரி மின்னும் பலகை, அதில் வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்கள். சின்னச் சின்ன இரும்புக் குண்டுமணிகள் அதனதன் குழியில் உட்கார வேண்டும். ஆனால் பலகையைத் தலைகீழாகத் தூக்கித்தான் வண்டியின் அடியில் பொருத்த வேண்டும். அப்போது குண்டுமணிகள் விழுந்துவிடும்.

"வாசலின் இருக்கா டீச்சர்? அத வச்சு ஒட்டிட்டா நிக்கும். ஆயில் சூடானதும் தானா கரைஞ்சிரும்."

வாசலின் என்னிடம் எப்போதும் உண்டு. காலிப்பர் பட்டை உரசுகிற இடத்துக்குப் போடுவது. டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு விரலால் வழித்து, ஒவ்வொரு குழியிலும் தடவி, குண்டுமணிகளை ஒட்டினார். பிறகு குழிக்குள் இறங்கி இரண்டு கையாலும் ஏந்தி மேலே தூக்கினார். நான் அட்டையிலிருந்து போல்ட்டுகளை வரிசைப்படி எடுத்துக் கொடுத்தேன். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வர வேண்டும். ஒவ்வொன்றையும் டார்க் ஸ்பேனரால் ஒரே அளவில் முடுக்க வேண்டும். கூடினால் பலகை வளைந்துவிடும், குறைந்தால் கசியும். ஸ்பேனர் சரியான அளவுக்கு வந்ததும் 'டிக்' என்கிறது. ஒவ்வொரு டிக்குக்கும் "ம்" என்றேன். அவர் மகள் படிப்பைப் பற்றிப் பேசினார், நான் வேதியியல் லேபில் பையன்கள் அடித்த கூத்தைச் சொன்னேன். குழிக்குள்ளிருந்து அவர் சிரிப்பது வண்டி சிரிப்பது போல இருந்தது.

ஃபில்டர், தட்டு, புது ஆயில். வண்டியை ஸ்டார்ட் செய்தோம். ரிவர்ஸ் போட்டார். நகரவில்லை. முன்னால் போட்டார். நகரவில்லை. கியர் கம்பி மட்டும் வெண்ணெயில் போகிற மாதிரி இலகுவாகப் போய்வந்தது.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "என் புத்திய செருப்பால அடிக்கணும். கியர் கம்பியோட முனை வால்வுக்குள்ள மாட்டணும் டீச்சர். பேச்சு வாக்குல அத மாட்டாமலே தூக்கி முடுக்கிட்டேன். மறுபடியும் எல்லாத்தையும் இறக்கணும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணன். மதுரையிலிருந்து சொல்லாமல் வந்திருக்கிறான். கூடவே ஒரு புரோக்கர், வண்டி பார்க்க.

"ரெண்டு மாசமா இதான் நடக்குதா?" என்று என்னைக் கேட்டான். அவர் பக்கம் திரும்பி, "முடியலன்னா சொல்லிருங்க, நாங்க வண்டிய அப்படியே தள்ளிவிட்டுருவோம்" என்றான்.

அவர் குழி விளிம்பில் நின்று கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தப்பு என்மேலதான் சார். வண்டிமேல இல்ல. அடுத்த வாரம் ஓட வச்சிருவேன்."

"எத்தன அடுத்த வாரம்?"

"அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வண்டி என்னுது. விக்கிறதுக்கு இல்ல. அந்தப் புரோக்கர அனுப்பிரு."

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான். இரண்டு டம்ளர் இருந்தது அதில். புரோக்கரை அனுப்பிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தான். போகும்போது வாசலில் நின்று மெதுவாக, "வல்லி, ஊர் என்ன பேசும்னு நான் பாக்கல. நீ ஏமாந்துறக் கூடாது" என்றான். "வண்டி விஷயத்துலயா?" என்றேன். "எல்லாத்துலயும்தான்" என்றான்.

ஏப்ரல் 28, திங்கள்

வாசலின் டப்பாவில் அவர் விரல் வழித்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் ஓரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஓரத்தில் காய்ந்து போய்விடும் என்பதால்.

மே 4, ஞாயிறு

வண்டி ஓடுகிறது.

இன்று அவர் அதிகம் பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை. "முனை மாட்டுற வரைக்கும் சும்மா இருங்க டீச்சர்" என்றார். மாட்டியதும் குழிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். ஆயில் ஊற்றி, சூடாக்கி, ஒவ்வொரு கியராகத் தள்ளிப் பார்த்து, அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். "நீங்களே எடுங்க" என்றார்.

ரிவர்ஸில் வெளியே வந்தது, பூனை மாதிரி. ரயில்வே கேட் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினோம். உதைக்காகக் காத்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். வரவே இல்லை. "எப்ப ரெண்டாவதுக்கு மாறும்?" என்றேன். "மூணாவதுல போய்க்கிட்டிருக்கோம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாலையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். கயத்தாறு வரை போய்த் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே ஒரு பிரச்சனையும் வராது டீச்சர்."

"வரலன்னா நல்லதுதான்."

"ஆமா. நல்லதுதான்."

தூத்துக்குடி பஸ் வந்துவிட்டது.

மே 7, புதன்

விளாத்திகுளம் போனேன். நாளை சாத்தூர் போகலாம் என்றிருக்கிறேன். ஜன்னல் திறந்து வைத்துத்தான் ஓட்டினேன். பருத்தி முடிந்துவிட்டது, காடு வெறும் கறுப்பாகக் கிடக்கிறது. கியர் மாறுவதே தெரியவில்லை. பக்கத்து சீட்டில் கைப்பை மட்டும்.

மே 11, ஞாயிறு

ஷெட்டைக் கூட்டினேன். குழியைப் பலகை போட்டு மூடினேன். பெஞ்சை உள்ளே இழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லை, கனம். அங்கேயே இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரம்மா, "மெக்கானிக் வரலையா இன்னைக்கு?" என்றார். "வேலை முடிஞ்சிட்டு" என்றேன். அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் ஆனது?

மே 15, வியாழன்

கலந்தாய்வு. அண்ணன் மதுரையிலிருந்து வந்திருந்தான். திரையில் மதுரை மாவட்டத்தில் ஒரு காலியிடம் இருந்தது, அண்ணன் வீட்டுக்குப் பக்கம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். "விருப்பம் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். கார் கதவில் சாய்ந்துகொண்டான்.

"சின்ன வயசுல நீ கீழ விழுந்தா தூக்க வருவேன். கையத் தட்டி விட்டுருவ. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்பவும் அப்படித்தான்" என்றான். பிறகு, "ஓட்டிக் காட்டு, பாப்போம்" என்று காரில் ஏறினான். பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். இறங்கும்போது, "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றான்.

மே 17, சனி

தூத்துக்குடி போனேன்.

காலையில் எழுந்து நீலக் கைத்தறிச் சேலையைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடியும் அதையே கட்டினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

கடை துறைமுக ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டார். முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம், உடனே ஒரு பயம்.

"என்னாச்சு டீச்சர்? மறுபடியும் உதைக்குதா?"

"ஆமா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. "ரெண்டாவது மாறும்போது."

"நகருங்க, நான் பாக்கேன்."

அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். முதல், இரண்டு, மூன்று. ஒரு சிணுங்கல்கூட இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. உப்பளங்களைத் தாண்டினோம். வெள்ளை வெள்ளையாகக் குவியல். இப்போது திருப்புவார், இப்போது திருப்புவார் என்று பார்த்தேன். கடல் தெரிகிற இடம் வரை போய்த்தான் ஓரம் கட்டினார்.

"வண்டியில ஒரு குறையும் இல்லையே டீச்சர்."

"தெரியும்."

இன்ஜினை அணைத்தார். காற்று மட்டும். சுத்தமாக இருந்த கையை வேட்டியில் துடைத்தார்.

"எனக்கும் கடைத் தெருவுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். "திருப்ப மனசு வரல. அப்படியே வந்துட்டேன்."

நான் கடலைப் பார்த்தேன். ஒத்திகை பார்த்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை போகவே மாட்டேங்குது" என்றேன். அதைச் சொன்ன பிறகு எதுவும் மிச்சமில்லாத மாதிரி இருந்தது.

அவர் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"அம்மா, மத்தியானத்துக்கு இன்னொரு ஆளுக்கும் சேர்த்து உலை வைங்க."

யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

"வந்ததும் நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். நான் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தேன். அவர் வழி சொன்னார்.